இப்ப என்ன திகில் புக் படிக்கிறீங்கன்னு கேட்டா எப்படி பதில் சொல்றது: முழுமையான வழிகாட்டி

திகில் கதை பிரியர்கள் நாலு பேர் சேர்ந்தா "இப்ப என்ன படிச்சிட்டு இருக்கீங்க"ன்னுதான் முதல் கேள்வி வரும், ஆனா பதில் பெரும்பாலும் ஒரு பேரோட முடிஞ்சிடும். புக் பேரு, எழுதினவர் பேரு, "செம்மயா போகுது". அவ்ளோதான். இதை வச்சிக்கிட்டு கேட்டவர் என்ன பண்றது, நமக்கு இது செட் ஆகுமா, ராத்திரி தனியா இருக்கும்போது எடுக்கலாமா, பாதில போர் அடிக்குமா, ஒண்ணும் தெரியாது. இன்னொரு கோஷ்டி இருக்கு, அவங்க கடைசி பக்கம் வரைக்கும் முடிச்சிட்டுதான் வாயே திறப்பாங்க.

என்னைக் கேட்டா திகில் கதையைப் பத்தி பேச வேண்டிய நேரமே புக்ல பாதில இருக்கும்போதுதான். துப்பறியும் கதைல முடிவு தெரிஞ்சாதான் கணக்கு நேராகும், திகில்ல அப்படி இல்ல, அது என்னன்னு தெரியாத வரைக்கும்தான் பயம், தெரிஞ்சிட்டா அதுக்கப்புறம் அது சமாளிக்க வேண்டிய ஒரு பிரச்சனை, அவ்ளோதான். நல்ல திகில் நாவல் பலதுக்கு முடிவு சுமாராத்தான் இருக்கும், அந்த முடிவை மட்டும் வச்சு மார்க் போட்டா நடுவுல நம்மள தூங்க விடாம பண்ணின பக்கத்துக்கெல்லாம் மதிப்பே இல்லாம போயிடுது. அதனால கீழ சொல்ற எல்லாமே பாதிப் புத்தகத்துல நின்னுக்கிட்டு பேசுறது எப்படிங்கறதுதான்.

இது ஒண்ணும் புதுப் பழக்கமும் இல்ல. 1815 ஏப்ரல்ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சதோட விளைவா அடுத்த வருஷம் ஐரோப்பால கோடையே சரியா வரல, ஒரே மழை, குளிர். 1816 ஜூன்ல ஜெனீவா ஏரிக்கரைல இங்கிலீஷ் கவிஞர் பைரன் வாடகைக்கு எடுத்திருந்த வில்லா டியோடாட்டி வீட்டுல பைரன், அவரோட டாக்டர் பொலிடோரி, இன்னொரு கவிஞர் பெர்சி ஷெல்லி, அவரோட காதலி 18 வயசு மேரி (பின்னாடி மேரி ஷெல்லி), மேரியோட மாற்றாந்தாய் மக கிளேர் எல்லாரும் வெளிய போக முடியாம உட்கார்ந்து, ஜெர்மன் பேய்க்கதைகளை பிரெஞ்சுல மொழிபெயர்த்த ஒரு தொகுப்பை சத்தமா படிச்சுக்கிட்டிருந்தாங்க. படிச்சு, பேசி, கடைசில ஆளுக்கு ஒரு பேய்க்கதை எழுதலாம்னு பைரன் சொல்ல, மேரி ஆரம்பிச்சது 1818ல ஃபிராங்கன்ஸ்டைனா வந்துச்சு, பைரன் பாதில விட்ட துண்டை எடுத்து பொலிடோரி எழுதினது 1819ல தி வாம்பயரா வந்துச்சு. அவங்க படிச்ச அந்த தொகுப்பை இன்னிக்கு தேடிப் போய் படிக்கிறவங்க கம்மி, அதைச் சுத்தி நடந்த பேச்சுல இருந்து வந்ததைத்தான் உலகமே படிக்குது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஸ்டெப் 1: எந்தப் பதிப்புன்னு சொல்லுங்க

இதை நிறைய பேர் அலட்சியமா விடுறாங்க, திகில்ல இது பெரிய விஷயம், ஏன்னா பழைய புக்ஸ் பலது ரெண்டு மூணு உருவத்துல சுத்துது. ஃபிராங்கன்ஸ்டைனையே எடுத்துக்குங்க, 1818ல பேர் போடாம வந்தது ஒண்ணு, 1831ல மேரி ஷெல்லியே திருத்தி எழுதினது இன்னொண்ணு, முதல்ல எலிசபெத் விக்டரோட அத்தை பொண்ணு, ரெண்டாவதுல எடுத்து வளர்த்த அனாதைப் பொண்ணு. ரெண்டு பேரு ரெண்டு பதிப்பை வச்சிக்கிட்டு சண்டை போட்டா ரெண்டு பேருமே சரியாத்தான் சொல்லிட்டு இருப்பாங்க. ஸ்டீபன் கிங்கோட தி ஸ்டாண்ட் 1978ல வெட்டிக் குறைச்சு வந்துச்சு, 1990ல வெட்டினதையெல்லாம் சேர்த்து நூத்துக்கணக்கான பக்கம் கூடுதலா வந்துச்சு, கதை நடக்குற வருஷமே மாறிடுச்சு. இதுல "300வது பக்கத்துல இருக்கேன்"னு சொன்னா எந்த 300?

மொழிபெயர்ப்புன்னா மொழிபெயர்த்தவர் பேரும் கட்டாயம். ட்ராகுலாவோட ஐஸ்லாந்து மொழிபெயர்ப்பு 1901ல புக்கா வந்துச்சு, நூறு வருஷத்துக்கு மேல எல்லாரும் அதை சுருக்கமான மொழிபெயர்ப்புன்னே நினைச்சிருந்தாங்க, அப்புறம் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தா கதையே வேற மாதிரி போகுது, புதுப் பாத்திரங்கள் எல்லாம் இருக்கு. அந்த வேற கதை 2017ல இங்கிலீஷ்ல தனி புக்காவே வந்திடுச்சு. நீங்க படிக்கிறது மூலத்துல இருக்கிற பயமா, மொழிபெயர்த்தவர் சேர்த்த பயமான்னு கேக்குறவருக்கும் தெரியணும் இல்லையா.

ஆடியோவுல கேக்குறீங்கன்னா அதையும் சொல்லிடுங்க, படிக்கிற குரல் யாருங்கறதையும். குரலே பாதி வேலையைப் பண்ணிடும், சில சமயம் குரலே கெடுத்தும் விட்டுடும்.

ஸ்டெப் 2: எங்க நிக்கிறீங்கன்னு சொல்லுங்க, அதுவும் அத்தியாயக் கணக்குல

பக்க எண் பதிப்புக்கு பதிப்பு மாறும். ஈ-புக் சதவீதம் அதை விட மோசம், கடைசில வேற ஏதோ நாவலோட முதல் அத்தியாயத்தை ஒட்டி வச்சிருப்பான், நீங்க 88 சதவீதம்னு நினைச்சு இன்னும் கதை இருக்குன்னு நம்பி அடுத்த பக்கம் போனா கதை முடிஞ்சிருக்கும். ஆடியோவுல மணிக்கணக்கு, வேகத்தை ஒண்ணரை மடங்கு வச்சா அதுவும் போச்சு. அதனால அத்தியாயம் எத்தனை, பாகம் எத்தனை, அதான் எல்லாருக்கும் பொது.

சில புக்ல அதுவும் வேலைக்கு ஆகாது. 2000ல வந்த ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்ல சில பக்கத்துல நாலே வார்த்தைதான் இருக்கும், சில பக்கம் தலைகீழா இருக்கும், மேல ஒரு விசித்திர வீட்டைச் சுத்தி ஒருத்தர் எழுதின ஆராய்ச்சி ஓடும், கீழ அடிக்குறிப்புல ஜானி ட்ரூவன்ட் தன் சொந்தக் கதையைச் சொல்லிட்டு இருப்பான். அதுல அத்தியாயத்தோட சேர்த்து, மேல இருக்கிற வீட்டுக் கதையையா கீழ இருக்கிற ஜானி கதையையா எதை புடிச்சுக்கிட்டு போறீங்கன்னும் சொன்னாத்தான் புரியும்.

சிறுகதைத் தொகுப்புன்னா ரொம்ப ஈஸி, கதை பேரைச் சொல்லுங்க. "தொகுப்பு நல்லா இருக்கு"ங்கறது ஒரு தகவலே இல்ல, எந்தத் தொகுப்புலயும் ரெண்டு மூணு சொதப்பல் இருக்கும்.

ஸ்டெப் 3: எந்த மாதிரி பயம்?

இதுல கொஞ்சம் நேரம் செலவு பண்ணுங்க, ஏன்னா "பயமா இருக்கு"ங்கறது ஆளுக்கு ஆள் வேற. இந்தக் குழப்பம் ரொம்பப் பழசு. ஆன் ராட்கிளிஃப்னு ஒரு கோதிக் (பழைய கோட்டை, மர்மம்னு போற திகில்) நாவலாசிரியை, அவங்க இறந்து மூணு வருஷம் கழிச்சு 1826ல வந்த கட்டுரைல இதை ரெண்டாப் பிரிச்சாங்க: வரப்போறதை நினைச்சு மனசு விழிச்சுக்கிட்டு காது கூர்மையாகுறது ஒரு வகை, கண்ணு முன்னாடி பார்த்துட்டு அப்படியே உறைஞ்சு போறது இன்னொரு வகை. ஸ்டீபன் கிங் 1981ல இதோட மூணாவதா ஒண்ணு சேர்த்தார், குமட்டல். முதல் வகை வந்தா அதான் பெஸ்ட், அது முடியலன்னா ரெண்டாவது, அதுவும் முடியலன்னா குமட்ட வைப்பேன்னு வெக்கப்படாம ஒத்துக்கிட்டார், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

நீங்க ஜானர் பேரைச் சொல்றதை விட உடம்புல எங்க தாக்குச்சுன்னு சொல்றது இன்னும் உபயோகம். புல்லரிச்சுதா, வயித்தைக் கலக்குச்சா, நெஞ்சு அடைச்சுதா, இல்ல ஒண்ணுமே ஆகாம மூடி வச்சிட்டு பாத்ரூம் போகும்போது திடீர்னு லைட்டைப் போடணும்னு தோணுச்சா. கடைசியா சொன்னதுதான் எனக்கு உசத்தி. காஸ்மிக் ஹாரர்ல பெரும்பாலும் புல்லரிக்காது, இந்தப் பிரபஞ்சத்துக்கு மனுஷன் ஒரு பொருட்டே இல்லன்னு ஒரு வெறுமை வரும். பாடி ஹாரர்ல நம்ம உடம்பு மேலயே நமக்கு சந்தேகம் வரும். ஃபோக் ஹாரர்ல பேயை விட ஊர்க்காரங்கதான் பயமுறுத்துவாங்க, எல்லாரும் சிரிச்சுக்கிட்டே நல்லவங்களா இருப்பாங்க, அதுதான் பிரச்சனையே.

இப்படி ஒரு பதில் எப்படி இருக்கும்னு ஒரு சாம்பிள்:

"ஷெர்லி ஜாக்சனோட தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ், 1959ல வந்தது. மொத்தம் ஒன்பது அத்தியாயம், நாலு முடிச்சிருக்கேன். முதல் மூணுல பெருசா ஒண்ணும் நடக்கல, ஆனா கதாநாயகி எலினோர் மனசுக்குள்ள பேசிக்கிறது கொஞ்சம் கொஞ்சமா சரியில்லாம போகுது. நாலாவதுல ராத்திரி கதவுப் பக்கம் ஒரு சத்தம் வருது, அங்க என்ன இருக்குன்னு காட்டவே மாட்டேங்குறாங்க, அங்கதான் எனக்கு கை ஜில்லுன்னு ஆச்சு. ரத்தம் கித்தம் எதுவும் இதுவரை இல்ல. வேகமா ஓடுற கதை வேணும்னா இது வேணாம். படிச்சவங்க முடிவைச் சொல்லாதீங்க, அந்த வீட்டு மேல சந்தேகமா இல்ல எலினோர் மேல சந்தேகமான்னு நாலாவது அத்தியாயத்துல உங்களுக்கு என்ன தோணுச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

ஏழெட்டு வரிதான். ஆனா இதைப் படிச்சா அந்தப் புக் தனக்கு வேணுமா வேணாமான்னு ஒருத்தர் முடிவு பண்ணிடலாம், ஏற்கனவே படிச்சவருக்கும் பதில் சொல்ல ஒரு இடம் கிடைக்குது. கடைசில ஒரு கேள்வி வைக்கிறது ரொம்ப முக்கியம், கேள்வி இல்லாம விட்டா "சூப்பர் புக்"னு ரெண்டு பேர் சொல்லிட்டு கலைஞ்சிடுவாங்க. அப்புறம் பாதில இருக்கும்போது ஸ்டார் ரேட்டிங் குடுக்குற பழக்கத்தை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க.

ஸ்டெப் 4: ஸ்பாய்லர்

நீங்க பாதில இருக்கிறதால பெரிய ஸ்பாய்லர் (கதை ரகசியத்தை முன்னாடியே உடைக்கிறது) உங்களால வராது, வர்றதெல்லாம் ஏற்கனவே படிச்சவங்க கிட்ட இருந்துதான். அதனால ரூல் முழுக்க அவங்களுக்குத்தான்: கேட்டவர் எந்த அத்தியாயத்துல இருக்காரோ அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

"கவலைப்படாதீங்க நான் ட்விஸ்ட்டை சொல்லல"ன்னு சொல்றதே ஒரு ஸ்பாய்லர். ட்விஸ்ட் ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்ச உடனே படிக்கிறவர் கதையை விட்டுட்டு குற்றவாளியைத் தேட ஆரம்பிச்சிடுவார். "கதை சொல்றவனை நம்பாதீங்க"ங்கறது அதை விட பெரிய கொடுமை. "பாதிக்கு மேல வேற லெவல்"னு சொல்றதும் அப்படித்தான், அதுக்கப்புறம் பாதி வரைக்கும் வர்றதை அவர் கடனேன்னு படிப்பார்.

காமிக்ஸ், மாங்கா (ஜப்பான் காமிக்ஸ்) படிக்கிறவங்க பக்கத்தை போட்டோ எடுத்துப் போடாதீங்க. ஜுன்ஜி இட்டோ மாதிரி திகில் மாங்கா வரையுற ஆளுங்க பயங்கரமான படத்தை பக்கத்தைத் திருப்பினாத்தான் தெரியுற மாதிரி வச்சிருப்பாங்க, அந்தத் திருப்பற நொடிதான் மொத்த வேலையுமே, அதை நீங்க போன் திரைல விரிச்சு வச்சிட்டா முடிஞ்சுது.

பழைய கிளாசிக்குக்கு ஸ்பாய்லர் ரூல் உண்டான்னு ஒரு சண்டை எப்பவும் ஓடும். ஸ்டீவன்சனோட ஜெகிலும் ஹைடும் கதை 1886ல வந்தப்ப அந்த ரெண்டு பேருக்கும் என்ன சம்பந்தம்ங்கறது கடைசி ரெண்டு அத்தியாயம் வரைக்கும் மர்மம், இன்னிக்கு புக்கைத் தொடாதவங்களுக்கும் அந்த ரகசியம் தெரியும். ஆனா எல்லா பழைய புக்கும் அந்த அளவு ஃபேமஸ் இல்ல. முதல் தடவை படிக்கிறவருக்கு எல்லா புக்கும் புதுசுதான், அவரைக் கேட்டுட்டுப் பேசுங்க, அதுல என்ன கஷ்டம்.

ஸ்டெப் 5: எச்சரிக்கை குடுக்கறது

திகில் படிக்கிறவங்க எதையும் தாங்குவாங்கன்னு ஒரு நினைப்பு இருக்கு, அது தப்பு. பேய், பிசாசு, குடல் வெளிய வர்றது எல்லாம் அசால்ட்டா படிக்கிறவர் ஒரு நாய் செத்தா புக்கை மூடிடுவார். குழந்தை இழப்பு, விலங்கு வதை, பாலியல் வன்முறை, தற்கொலை, ஆஸ்பத்திரி சித்திரவதை, இந்த மாதிரி விஷயங்களை "இருக்கு", "லேசா வருது", "விவரமா வருது"ன்னு மட்டும் சொன்னா போதும், யாருக்கு எப்ப எப்படின்னு சொல்ல வேண்டாம். அதுவே சிலருக்கு ஸ்பாய்லர் ஆகும்னு தோணினா முதல்ல "எச்சரிக்கை வேணுமா"ன்னு கேட்டுட்டு தனியா சொல்லுங்க. கிங் எழுதின பெட் செமட்டரி 1983ல வந்தது, எழுதி முடிச்சதும் இது ரொம்ப ஓவர்னு அவரே கொஞ்ச காலம் வெளியிடாம வச்சிருந்தார். எழுதினவரே தயங்கின புக்கை, எச்சரிக்கை கேக்குற வாசகரைப் பார்த்து "இதுக்கெல்லாமா பயப்படுவ"ன்னு கிண்டல் பண்ணிக்கிட்டே தூக்கிக் குடுக்குறது அபத்தம்.

ஸ்டெப் 6: அடுத்தவர் சொல்லும்போது நீங்க என்ன பண்றது

சுருக்கமா: "எனக்கு சிரிப்புதான் வந்துச்சு"ன்னு சொல்லாதீங்க. பயந்ததை வெளிப்படையா சொன்ன ஆளை அது ஒரே அடில ஊமையாக்கிடும், அடுத்த தடவை அவர் வெறும் புக் பேரை மட்டும் சொல்லிட்டு நகர்ந்துடுவார்.

கேள்வி கேளுங்க. பகல்ல படிக்கிறீங்களா ராத்திரியா, எந்தப் பாத்திரம் மேல முதல் சந்தேகம் வந்துச்சு, இதுவரை வந்ததுல எந்தச் சின்ன விஷயம் உறுத்துது. ரெகமெண்ட் பண்றதா இருந்தா ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, அவர் சொன்ன அந்தப் பயத்துக்குப் பொருந்துற மாதிரி. அமைதியா ஊர்ந்து வர்ற பயம் பிடிச்சிருக்குன்னு சொன்னவருக்கு எம். ஆர். ஜேம்ஸோட ஒரு சிறுகதை, 1904ல வந்த முதல் தொகுப்புல இருந்து எதுவா இருந்தாலும் சரி. அவர் அதுல சில கதைகளை கேம்ப்ரிட்ஜ்ல கிறிஸ்துமஸ் சமயத்துல நண்பர்களுக்கு வாசிச்சுக் காட்டினார், சத்தமா படிச்சா அந்தக் கதைகள் இன்னும் நல்லா வேலை செய்யும். இருபது புக் லிஸ்ட் போடுறவங்க ஒரு புக்கையும் யாரையும் படிக்க வச்சதா நான் பார்த்ததில்ல.

ஸ்டெப் 7: பாதில விட்டா அதையும் சொல்லுங்க

விட்டதுக்குக் காரணம் மூணுல ஒண்ணாத்தான் இருக்கும்: போர் அடிச்சது, அருவருப்பா இருந்துச்சு, இல்ல நிஜமாவே பயந்துட்டீங்க. மூணாவது அந்தப் புக்குக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு, ஆனா அதை எல்லாரும் "டைம் இல்ல"ன்னு மறைச்சிடுவாங்க. எந்த அத்தியாயத்துல விட்டீங்கன்னும் சொல்லுங்க, ரெண்டு மூணு பேர் ஒரே இடத்துல விட்டிருந்தா அந்த இடத்துல ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

ஒரே தடிமனான நாவலை எடுக்குறதும் வைக்குறதுமா வேதாளம் முருங்கை மரம் ஏறின கதையா ஓடுதுன்னா கொஞ்ச நாளைக்கு சிறுகதைக்கு மாறிடுங்க. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸோட தி மங்கீஸ் பா, 1902ல வந்தது, ஒரே உட்காரல்ல முடிஞ்சிடும், அதைப் பத்தி பேச விஷயம் மட்டும் ஒரு நாவல் அளவுக்கு இருக்கு.

ஸ்டெப் 8: சேர்ந்து படிக்கலாம்னு முடிவு பண்ணினா

எங்க நிறுத்துறதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்குங்க. திகில்ல அத்தியாய முடிவுதான் பெரும்பாலும் தூக்கிப் போடுற இடம், அங்க நிறுத்தி அன்னிக்கே பேசினா சூடு குறையாம இருக்கும். கிங் 1996ல தி கிரீன் மைலை மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மாசத்துக்கு ஒரு சின்ன புக்கா ஆறு பாகமா வெளியிட்டார், அடுத்தது வர்ற வரைக்கும் வாசகர்கள் யூகம் பண்ணிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். அந்த இடைவெளியை நீங்களே செயற்கையா உண்டாக்கிக்கலாம்.

இதுக்கு ட்ராகுலா மாதிரி புக் கிடையாது. 1897ல வந்த அந்த நாவல் முழுக்க டைரி, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தின்னு தேதி போட்டுத்தான் போகுது, மே 3ல ஆரம்பிச்சு நவம்பர் 6 வரைக்கும், கடைசில ஒரு சின்னக் குறிப்பு. அந்தந்த தேதில அந்தந்த பகுதியைப் படிக்கலாம், 2021ல ஒருத்தர் இதை ஈமெயிலா அனுப்ப ஆரம்பிச்சு 2022ல ஏகப்பட்ட பேர் சேர்ந்து படிச்சாங்க. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா புக்ல முதல் நாலு அத்தியாயம், ட்ராகுலா கோட்டைக்குப் போன வக்கீல் ஹார்க்கரோட டைரி ஜூன் 30 வரைக்கும் ஓடிட்டு அப்புறம்தான் அவரைக் கட்டிக்கப் போற மீனா எழுதின மே 9 தேதியிட்ட கடிதம் வருது. தேதிப்படி படிச்சா ரெண்டும் கலந்து வரும், அங்க கோட்டைல ஹார்க்கர் மாட்டிக்கிட்டு இருக்கும்போதே இங்க மீனாவோட தோழி லூசி கல்யாணப் பேச்சு எழுதிட்டு இருப்பா, நடுவுல ஹார்க்கர் கிட்ட இருந்து பல நாளைக்கு ஒரு வரி கூட வராது. அந்த மௌனத்துல ஆளு இருக்கானா செத்தானான்னு மண்டை காயும், வரிசையா படிக்கிறவங்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது. முதல் தடவை படிக்கிறவர் எதை எடுக்கணும்னு கேட்டா நான் புக் வரிசையைத்தான் சொல்லுவேன், தேதி வரிசை ரெண்டாவது ரவுண்டுக்கு.

நீளமா போக முடியாதுன்னா ஆளுக்கு ஒரு சிறுகதை. ஜப்பான்ல சாமுராய்கள் இருந்த எடோ காலத்துல நூறு விளக்கை ஏத்தி வச்சு ஒரு பேய்க்கதைக்கு ஒரு விளக்கா அணைச்சுக்கிட்டே வர்ற விளையாட்டு இருந்துச்சு, கடைசி விளக்கு அணைஞ்சா நிஜமாவே ஏதாவது வரும்னு நம்பிக்கை, அதனால தொண்ணூத்தொன்பதுலயே நிறுத்திடுறவங்களும் உண்டாம்.

ஸ்டெப் 9: முடிச்ச பிறகு

முடிச்ச உடனே தீர்ப்பு எழுதாதீங்க, ரெண்டு நாள் போகட்டும். என்ன மிஞ்சுதுன்னு பாருங்க, சில சமயம் க்ளைமாக்ஸ் சுத்தமா மறந்து போய் மூணாவது அத்தியாயத்துல வந்த ஒரு ஜன்னல் மட்டும் நிக்கும். அப்புறம் பாதில இருக்கும்போது நீங்க போட்ட யூகத்தை எடுத்துப் பக்கத்துல வச்சு, எந்த அத்தியாயத்துல மனசு மாறுச்சுன்னு சொல்லுங்க. ஹென்றி ஜேம்ஸோட தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ 1898ல வந்தது, அந்த வீட்டுல பேய் நிஜமா இருக்கா இல்ல வீட்டோட தங்கி குழந்தைகளைப் பார்த்துக்கிற கவர்னஸ் பொண்ணுக்கு மட்டும் அப்படித் தெரியுதான்னு 1934ல விமர்சகர் எட்மண்ட் வில்சன் கட்டுரை எழுதிக் கிளப்பிவிட்ட சண்டை இன்னும் ஓயல. அதை முடிச்சிட்டு வர்றவர் கிட்ட பேய் உண்டா இல்லையான்னு கேட்டா ஒத்தை வார்த்தைல பதில் வரும், எந்த அத்தியாயத்துல கட்சி மாறினீங்கன்னு கேட்டுப் பாருங்க, அப்புறம் அவரை நிறுத்த முடியாது.